பள்ளி மாணவர்களுக்குத் தடயவியலும் நோய்க்குறியியலும்: எப்படி எடுப்பது?

ஜனவரி 9, மாலை (கேள்வி)

உயிரியல் ஆசிரியர் நான். 15, 16 வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு வாரம் தடயவியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் நோய்க்குறியியலும் (பத்தாலஜி) சேர்க்க வேண்டுமாம். ஒரு கொலைக் காட்சியை வகுப்பில் அமைத்து, நான்கு சந்தேக நபர்களை வைத்து, கடைசி வாரம் குற்றவாளி யார் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கிற மாதிரி செய்யலாம் என்று நினைக்கிறேன். ஆர்வமும் வரும், அறிவியலும் உள்ளே போகும். ஏற்கெனவே எடுத்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு (பதில்)

ஆறு வருடமாக எடுக்கிறேன். காட்சி இருக்கட்டும், சந்தேக நபர்களும் இருக்கட்டும். கடைசி வாரம் குற்றவாளியைக் கண்டுபிடிப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன், நீளமான கதை.

ஜனவரி 10

முதல் வருடம் நானும் நீங்கள் சொன்ன மாதிரியேதான் செய்தேன். நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் கடன் தொல்லை, இறந்தவரோடு பழைய சண்டை, அன்று எங்கே இருந்தார் என்பதில் பொய். அவரையே குற்றவாளி ஆக்கியிருந்தேன். கண்ணாடி டம்ளரில் ஒரு விரல் ரேகை. அதைப் பொடி தூவி டேப்பில் எடுத்து, நான்கு பேரின் ரேகை அட்டைகளோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகும் புள்ளிகள் குறைந்தது ஐந்து குறிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். கோடு முடியும் இடம், இரண்டாகப் பிரியும் இடம், இப்படி.

எட்டாவது வாரம் ஆறு குழுக்களும் அவர் பெயரையே சொன்னார்கள். ஒரே கைதட்டல். எனக்கும் அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு அட்டைகளை எடுத்து வைக்கும்போதுதான் பார்த்தேன். டம்ளரில் இருந்தது அவருடைய அட்டையிலுள்ள ரேகையே இல்லை. அட்டைகளைத் தயாரிக்கும்போது இரண்டு பெயர்களை நான் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். இரண்டுமே வளைய வகை ரேகைகள், தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோல இருக்கும். உருப்பெருக்கியை வைத்து உட்கார்ந்து பார்த்தேன், ஐந்து புள்ளி என்ன, ஒரு புள்ளிகூடச் சரியாக ஒத்துவரவில்லை. ஆனால் ஆறு அறிக்கைகளிலும் ஐந்து ஐந்து புள்ளிகள் சிவப்பு மையில் வட்டமிடப்பட்டிருந்தன. இல்லாத புள்ளிகளைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. கதை ஒரு ஆளைக் காட்டியது, கண் அதற்குப் பின்னால் போனது.

பிள்ளைகள் என்பதால் இப்படி என்று நினைக்காதீர்கள். 2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு நடந்தது. ஒரு பையில் கிடைத்த ரேகை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த தனி நிபுணரும் ஆமாம் என்றார். அவரை இரண்டு வாரம் காவலில் வைத்திருந்தார்கள். அது வேறொருவருடைய ரேகை என்று ஸ்பெயின் போலீஸ் கண்டுபிடித்த பிறகு விடுவித்தார்கள், எஃப்.பி.ஐ. மன்னிப்பும் கேட்டது.

2006இல் இட்டியேல் டிரோர் என்ற உளவியல் ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வு இன்னும் யோசிக்க வைப்பது. ஐந்து ரேகை நிபுணர்கள். முன்பு தாங்களே பொருந்துகிறது என்று முடிவு சொன்ன ரேகை ஜோடியைத்தான், அது தெரியாதபடி, அவர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். கூடவே, இதுதான் அந்த மாட்ரிட் வழக்கில் தவறாகப் பொருத்திய ரேகை என்றும் சொன்னார்கள். ஐந்து பேரில் நான்கு பேர் தங்கள் பழைய முடிவை மாற்றிக்கொண்டார்கள். ரேகை அதேதான். கூடச் சொன்ன கதைதான் வேறு.

இதை இரண்டாவது வருடத்திலிருந்து வகுப்பிலேயே செய்கிறேன். பாதிக் குழுக்களுக்கு ரேகை ஜோடியை மட்டும் கொடுப்பேன். மீதிக்கு அதே ஜோடி, கூடவே சந்தேக நபரைப் பற்றி அரைப்பக்கம். கதை படித்த குழுக்களில் "பொருந்துகிறது" எப்போதும் கூடுதலாகத்தான் வரும். அப்புறம் இரண்டு தரப்பின் தாள்களையும் கரும்பலகையில் ஒட்டிவிட்டு நான் எதுவும் பேசாமல் இருப்பேன். எட்டு வாரத்தில் எனக்குப் பிடித்த பத்து நிமிடம் அதுதான்.

ஜனவரி 11

ரேகை பற்றியே இன்னொன்று. பிள்ளைகளின் சொந்த ரேகையை எடுத்தால், வேலை முடிந்ததும் அவரவர் அட்டையை அவரவரிடமே கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள். படம் எடுத்து எங்கும் ஏற்ற வேண்டாம். கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. இதைச் சொன்னதும் வகுப்பில் நல்ல அமைதி வரும், அதையும் பாடமாக்கிக்கொள்ளலாம்.

கிராஃபைட் பொடியைக் குறைவாகத் தூவுங்கள். மூக்கில் ஏறும், சட்டையில் பட்டால் கறை போகாது.

ஜனவரி 13

"ரத்தமா இல்லையா" என்ற சோதனையை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் உருளைக்கிழங்கில் தொடங்குவேன்.

1863இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் ரத்தத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடை விட்டால் நுரைக்கும் என்று காட்டினார். ரத்தத்திலுள்ள இரும்புதான் காரணம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, கறைபோல ஒன்றின் மேல் பெராக்சைடு விடுவேன். நுரைக்கும். ரத்தம் என்று எல்லாரும் எழுதுவார்கள். அப்புறம் நறுக்கிய உருளைக்கிழங்கில் விடுவேன். அதுவும் அதே மாதிரி நுரைக்கும். எழுதியதை அடித்துவிட்டு "ரத்தமாக இருக்கலாம்" என்று மாற்றுவார்கள். அந்த "லாம்" வருவதற்காகத்தான் இத்தனையும்.

அப்போதுதான் முதற்கட்டச் சோதனை, உறுதிச் சோதனை என்ற இரண்டையும் பிரித்துச் சொல்ல வசதியாக இருக்கும். ரத்தக் கறையைத் தேடும் காஸ்ல்-மேயர் சோதனையில் இளஞ்சிவப்பு வந்தாலும் அது முதற்கட்டம்தான், சில காய்கறிகளின் நொதிக்கும் நிறம் வரலாம். ரத்தம் பட்டால் ஒளிரும் லூமினாலும் அப்படியே, வெளுப்புத் தூளுக்கும் ஒளிரும்.

ஜனவரி 14

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். வேதியியல் எடுக்கும் நண்பர் படித்துவிட்டுச் சொன்னார். நுரைக்கு முக்கியக் காரணம் சிவப்பணுக்களிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி. இரும்பு என்று மொட்டையாகச் சொன்னது தவறு. உருளைக்கிழங்கிலும் கேட்டலேஸ்தான் நுரைக்க வைக்கிறது. காஸ்ல்-மேயரில்தான் ஹீமோகுளோபினிலுள்ள ஹீம் (இரும்பு இருக்கும் பகுதி) வேலை செய்கிறது. ஆறு வருடமாக வகுப்பில் இரண்டையும் குழப்பியே சொல்லி வந்திருக்கிறேன். இந்த வருடப் பிள்ளைகளிடம் நாளையே திருத்திச் சொல்லப் போகிறேன்.

ஜனவரி 17

நோய்க்குறியியல் பற்றி.

பிள்ளைகளைக் கேட்டால் பத்தாலஜிஸ்ட் என்பவர் பிணவறையில் நிற்பவர். உண்மையில் அந்தத் துறையினர் பெரும்பாலோர் நாள் முழுக்கப் பார்ப்பது உயிரோடு இருப்பவர்களின் திசுக்களை. மார்பில் ஒரு கட்டி, அது புற்றா இல்லையா என்று மருத்துவமனையில் ஒருவர் காத்திருக்கிறார், அந்தப் பதிலைச் சொல்வது இவர்கள்தான். நான் முதல் வகுப்பை இதில்தான் தொடங்குகிறேன். துறையின் கதையும் அழகானது. நோய் என்பது உடலின் ஏதோ ஒரு உறுப்பில் இருக்கிறது என்று மார்கானி என்ற இத்தாலிய மருத்துவர் 1761இல் நூற்றுக்கணக்கான உடற்கூறாய்வுகளை வைத்துக் காட்டினார். அதற்கு ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1858இல், உறுப்பு போதாது, செல்லில் தேடுங்கள் என்றார் ஜெர்மன் மருத்துவர் விர்ச்சோவ்.

வகுப்பில் என்ன செய்யலாம்? ஆட்டு இதயம் வெட்டிப் பார்ப்பது போதும். இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனி எவ்வளவு மெல்லியது என்று பிள்ளைகள் விரலால் தொட்டுப் பார்க்கட்டும், மாரடைப்பு என்பது அப்புறம் வெறும் சொல்லாக இருக்காது. கண்ணாடி வில்லைகளில் நல்ல நுரையீரல் ஒன்று, காற்றறைகள் சிதைந்த நுரையீரல் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில். பெயர் சொல்லாமல் கொடுத்து, என்ன வேறுபாடு தெரிகிறது என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். நோயின் பெயரை முதலில் சொல்லிவிட்டால் அதைத்தான் பார்ப்பார்கள். டம்ளர் ரேகையில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

இன்னொரு பயிற்சி, செலவே இல்லாதது. "இறப்புக்குக் காரணம்: இதயம் நின்றுவிட்டது" என்று பலகையில் எழுதுங்கள். சரியா என்று கேளுங்கள். எல்லாரும் சரி என்பார்கள். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தானே செய்யும்? அது எப்படி ஒருவருக்கு மட்டும் காரணமாகும்? இங்கிருந்து மூன்றையும் பிரிக்கலாம். எது தொடங்கி வைத்தது, உடலுக்குள் என்ன நடந்தது, எந்த விதமான இறப்பு. கடைசியில் வருவது இயற்கை, விபத்து, தற்கொலை, கொலை, தீர்மானிக்க இயலவில்லை என்ற ஐந்து. இதில் ஐந்தாவதும் ஒரு முறையான முடிவுதான், சான்றிதழிலேயே எழுதுகிறார்கள் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுப்பார்கள்.

ஜனவரி 18

உண்மையான பிரேதப் படங்கள் காட்டலாமா என்று கேட்டீர்கள். காட்டாதீர்கள். ஒன்றுகூட.

மூன்றாவது வருடம், வீட்டில் தனியாக இருந்த ஒருவர் நாற்காலியில் இறந்து கிடப்பதாக ஒரு காட்சி அமைத்தேன். படம்கூட இல்லை, வெறும் நாற்காலி, கவிழ்ந்த கோப்பை, அணைக்காத விளக்கு. ஒரு பையன் உள்ளே வந்தான், பார்த்தான், வெளியே போய்விட்டான். அவன் அப்பா அப்படித்தான் இறந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அன்று மாலை அவனோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு வலிச்சிருக்குமா டீச்சர்?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன்.

அதிலிருந்து ஒரு வாரம் முன்பே காட்சியை எழுதிப் பிள்ளைகளிடமும் வீட்டிலும் கொடுத்துவிடுகிறேன். வராமல் இருக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, மதிப்பெண் குறையாது. தற்கொலை, குழந்தை இறப்பு இரண்டையும் காட்சியில் தொடுவதே இல்லை. இப்போது பெரும்பாலும் திருட்டுதான் வைக்கிறேன். கொலை இல்லாவிட்டால் ஆர்வம் குறையும் என்று பயந்தேன், குறையவில்லை.

அந்தப் பையன் அடுத்த வாரம் வகுப்புக்கு வந்தான். அதற்கு மேல் அவனைப் பற்றி இங்கே எழுதுவது நியாயமில்லை.

ஜனவரி 24

இறந்த நேரம் கணிப்பது. இதற்கு வெந்நீர்க் கோப்பை போதும், உடல் வேண்டாம். நிறைய எழுதுகிறேன், ஏனென்றால் எட்டு வாரத்தில் பிள்ளைகள் அதிகம் கற்பது இதில்தான்.

காலையில் ஆறு கோப்பைகளில் 60 டிகிரி வெந்நீர். ஒன்றைத் துணியில் சுற்றிவிடுவேன், ஒன்று மின்விசிறிக்குக் கீழே, ஒன்று அகலமான தட்டில், மற்றவை சாதாரணமாக. எத்தனை மணிக்கு ஊற்றினேன் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் வந்ததும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வெப்பநிலை எடுத்து, வரைபடம் போட்டு, பின்னோக்கி நீட்டி, ஊற்றிய நேரத்தைச் சொல்ல வேண்டும். ஆறு குழுக்களுக்கும் ஒரே பதில் வர வேண்டும். வராது. ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட வித்தியாசம் வந்திருக்கிறது. நேர்கோடாக நீட்டியவர்களுக்குத் தவறு அதிகம், வளைகோடாக நீட்டியவர்களுக்குக் குறைவு. நியூட்டனின் குளிர்தல் விதியை (சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடோ அவ்வளவு வேகமாகக் குளிரும்) நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை, பிள்ளைகள் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

பிறகு உடலுக்கு வரலாம். மணிக்கு ஏறத்தாழ 0.8 டிகிரி செல்சியஸ் குறையும் என்பது பழைய கைக்கணக்கு. ஆனால் இறந்தவுடன் கொஞ்ச நேரம் உட்புற வெப்பம் குறையாமலே நிற்கும். ஒல்லியான உடல் சீக்கிரம் குளிரும். போர்வை, காற்று, ஈரத் தரை எல்லாமே கணக்கை மாற்றும். சுற்றியிருக்கும் காற்றே 37 டிகிரி என்றால் இந்த முறையே உதவாது. விறைப்பு மிதமான தட்பவெப்பத்தில் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தாடை, கழுத்துப் பக்கம் தெரிய ஆரம்பித்து, 12 மணி நேரம் வாக்கில் உடல் முழுக்கப் பரவி, ஒன்றரை இரண்டு நாளில் தளரும். வெயிலில் எல்லாமே வேகம். "இரவு 10.15க்கு இறந்தார்" என்று திரையில் ஒருவர் சொன்னால், எப்படித் தெரியும் என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பிப்பார்கள். வீட்டில் தொல்லையாக இருக்கிறது என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார், எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

ஜனவரி 25

கணித ஆசிரியரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்த பரப்பில் விழுந்த ரத்தச் சொட்டு நீள்வட்டமாக இருக்கும். அகலத்தை நீளத்தால் வகுத்தால் விழுந்த கோணத்தின் சைன். அகலம் 5 மி.மீ., நீளம் 10 மி.மீ. என்றால் 30 டிகிரி. ரத்தத்துக்குப் பதில் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் போதும். சொட்டின் வாலையும் சேர்த்து நீளம் அளந்துவிடுவார்கள், கவனியுங்கள்.

ஜனவரி 30

ரத்த வகை கண்டுபிடிக்கப் பிள்ளைகளின் சொந்த ரத்தத்தைக் குத்தி எடுக்கலாமா? வேண்டாம். தொற்று ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஏபி வகைப் பெற்றோருக்கு ஓ வகைக் குழந்தை வழக்கமாகப் பிறக்காது. பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மா அப்பாவின் வகையைக் கேட்டு, வகுப்பில் படித்ததை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த வீட்டில் என்ன ஆகும்? யாரும் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயத்தை ஒரு பள்ளிப் பயிற்சி திறந்துவிடக் கூடாது. செயற்கை ரத்தம் வைத்த பயிற்சிப் பெட்டிகள் கிடைக்கின்றன, அதுவும் இல்லையென்றால் பாலில் எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிவதைக் காட்டி, ரத்த வகைச் சோதனையில் அணுக்கள் ஒட்டித் திரள்வது எப்படி இருக்கும் என்று சொல்லலாம்.

பிப்ரவரி 6

முதலில் "கடைசி வாரம் குற்றவாளியை எடுத்துவிடுங்கள்" என்று அடித்துச் சொன்னேன். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டாவது வருடம் விடையே இல்லாத காட்சி ஒன்று கொடுத்தேன். பிள்ளைகளுக்குக் கோபம். எட்டு வாரம் உழைத்துவிட்டு "தெரியாது" என்று எழுதவா வந்தோம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எல்லாமே தெரியாது என்றால் சோதனை எதற்கு? விடை இருக்கட்டும், ஆனால் அது ஆள் பெயராக இருக்க வேண்டாம் என்பதுதான் இப்போது என் எண்ணம். "இந்த மை இந்தப் பேனாவிலிருந்து வந்திருக்க முடியாது" என்பது நல்ல விடை. கறுப்பு மையை வடிதாளில் பிரித்தால் வெவ்வேறு வண்ணங்கள் வரும், வரிசை மாறினால் அந்தப் பேனா இல்லை என்று உறுதியாக விலக்கலாம். (பந்துமுனைப் பேனா மை தண்ணீரில் நகராது, ஆல்கஹால் வேண்டும்.) வரிசை ஒத்துப்போனால்? அதே ரகப் பேனா ஆயிரக்கணக்கில் இருக்கும். விலக்குவதில் கிடைக்கும் உறுதி பொருத்துவதில் கிடைப்பதில்லை.

இதற்கு டிஎன்ஏ கதையை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. டிஎன்ஏவை வைத்து ஆளை அடையாளம் காண மரபியலாளர் அலெக் ஜெஃப்ரீஸ் 1984இல் கண்டுபிடித்த முறையை இங்கிலாந்தில் முதன்முதலாக ஒரு கொலை விசாரணைக்குப் பயன்படுத்தியபோது, அது முதலில் செய்தது 17 வயதுப் பையன் ஒருவனை விடுவித்தது. அவன் குற்றத்தை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தான். உண்மையான குற்றவாளிக்கு 1988இல்தான் தண்டனை. என் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய அதே வயது. செய்யாததை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்வான் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள், பாடத்திட்டத்தில் இல்லாத மணி நேரம்.

எதிர்ப்பக்கத்துக்கு முடி ஒப்பீட்டைச் சொல்கிறேன். நுண்ணோக்கியில் முடியைப் பார்த்து எஃப்.பி.ஐ. நிபுணர்கள் சாட்சி சொன்ன பழைய வழக்குகளை மறுபடி ஆராய்ந்து 2015இல் முடிவு வெளியிட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகச் சாட்சியம் பயன்பட்ட 268 விசாரணைகளில் 257இல் பிழையான கூற்றுகள். முடியைப் பார்த்ததைவிட, பார்த்ததை எவ்வளவு உறுதியாகச் சொன்னார்கள் என்பதில்தான் பிழை.

பிப்ரவரி 8

இடம் இல்லை, ஒரு வகுப்பறைதான் என்றீர்களே. காலணிப் பெட்டியில் அறை செய்யச் சொல்லுங்கள். தடயவியல் முன்னோடியான அமெரிக்கப் பெண்மணி பிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1940களில் இப்படித்தான் இறப்புக் காட்சிகளைப் பொம்மை வீடுகளாக, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்தார். 18 மாதிரிகள் இன்னும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், இறப்புகளை ஆராயும் மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன. பயிற்சிக்குப் பயன்படுவதால் விடைகளை வெளியே சொல்வதில்லை. காட்சியைப் பார்த்துக் குறிப்பெடுப்பது எப்படி என்று கற்கத்தான் அவை.

மார்ச் 2

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

முதல் வருட மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் இருக்கிறாள், மேலே ஜனவரி 10இல் எழுதியதைப் படித்துவிட்டு அழைத்தாள். நான் எழுதியது முழுக்கச் சரியில்லை என்றாள். அவர்கள் குழுவில் ஒருவன் கவனித்திருக்கிறான். ரேகை ஒத்துவரவில்லை, இது வேறு ஆள் என்று மூன்றாவது வாரமே சொல்லியிருக்கிறான். குழு கூடிப் பேசி, டீச்சர் தப்பாக வைத்திருக்க மாட்டார்கள், நமக்குத்தான் பார்க்கத் தெரியவில்லை என்று முடிவு செய்து, ஐந்து புள்ளிகளை வட்டமிட்டிருக்கிறார்கள். அவன்தான் வட்டமிட்டானாம், கையெழுத்து அழகாக இருக்கும் என்று.

இத்தனை வருடம் கதை கண்ணை ஏமாற்றியது என்றே சொல்லி வந்தேன். ஒரு குழுவிலாவது கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் வழி இல்லை. என் அறிக்கைத் தாளில் "பொருந்தும் ஐந்து புள்ளிகள்" என்று ஐந்து கட்டம் இருந்தது. பொருந்தாததை எழுத ஒரு கட்டமும் இல்லை.

மார்ச் 3

புதுத் தாள் தயார். மேலே முதல் கட்டம்: "எது ஒத்துவரவில்லை?" இரண்டாவது: "ஆசிரியர் தவறு செய்திருக்கலாம் என்று தோன்றும் இடம்." பொருந்தும் புள்ளிகளுக்குக் கட்டம் கீழே, எண்ணிக்கை போடாமல். திங்கட்கிழமை குழுக்களிடம் கொடுக்கிறேன். இரண்டாவது கட்டம் காலியாக வந்தால் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை, அதனால் ஒரு அட்டையில் வேண்டுமென்றே பெயரை மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

மார்ச் 6

ஆறு குழு. நான்கில் அந்தக் கட்டத்தில் எழுதியிருந்தார்கள். இரண்டு குழு நான் மாற்றி வைத்த அட்டையைச் சொன்னது. ஒரு குழு, வெப்பமானிகளில் ஒன்று மட்டும் இரண்டு டிகிரி கூடக் காட்டுகிறது என்று எழுதியிருந்தது. போய்ப் பார்த்தேன், ஆமாம், காட்டுகிறது. நான்காவது குழுவின் தாளில் "உருளைக்கிழங்கு பற்றி டீச்சர் ஜனவரியில் சொன்னது" என்று இருந்தது. அதை ஏற்கெனவே திருத்திவிட்டேன் என்று சொன்னேன். திருத்திச் சொன்ன அன்று தான் வகுப்புக்கு வரவில்லை என்றாள் அந்தப் பெண், மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.